பைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு

நாய் கேட்டுப் போன மனிதனிடம், வெயிலில் வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "வீட்டில எத்தினை சங்கிலி இருக்கு?" என்று கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். பரந்தனில், பழைய இரசாயனத் தொழிற்சாலைப் பக்கம் போகிற ஒழுங்கையில், தகரக் கேற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டார். கேற்றில் முகம் தெரிகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள்ளால்தான் முழு விசாரணையும் நடந்தது.

அவரை ஊரில் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் நீண்ட காலம் குடும்பநல மாதுவாக இருந்தவர். பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். பிறந்த பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, கார்டில் எழுதுவார். நிறை குறைந்திருந்தால் தாயை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற மாமியாரையும் சேர்த்து ஏசுவார். பென்சன் எடுத்த பிறகு, தெருவில் கிடக்கிற நாய்களைத் தூக்கிவந்து தன் வீட்டு வளவுக்குள் வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். சனம் அதற்கு நாய் மடம் என்று பெயர் வைத்தது. மிஸ்ஸியின் தொழில் மாறியது, ஆள் மாறவில்லை. தராசும் அதே தராசுதான்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு காவல் நாய். உருத்திரபுரத்தில் என் வயல் கிணற்றில் பூட்டியிருந்த தண்ணீர் மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொலிசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். சும்மா கொடுக்கிறார்களே என்று நாய் மடத்துக்குப் போனேன்.

"கடிக்கிற நாயா ஒண்டு தாங்கோ மிஸ்ஸி. ஆள் வந்தாக் குலைக்கோணும், கிட்ட வந்தாக் கவ்வோணும்."

மிஸ்ஸி ஓட்டைக்குள்ளால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட வீட்டுக்குக் கடிக்கிற நாய் தேவையில்லை தம்பி. நீங்களே போதும்."

அரை மணித்தியாலம் கழித்துத்தான் கேற்றுத் திறந்தது. உள்ளே கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீட்டு விலாசம், அதன் கீழே கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, சாப்பாடு போடப்போவது யார், கறியில் தூள் எவ்வளவு. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு எழுதினேன். கடைசிக் கேள்வியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இடம்பெயர வேண்டி வந்தால் நாயை என்ன செய்வீர்கள்?"

சண்டை முடிந்து எத்தனையோ வருடம். ரோட்டுக்குக் காப்பெற் போட்டாயிற்று, வீட்டுக்குக் கரன்ட் வந்தாயிற்று, என் மகளே கம்பஸ் முடித்துவிட்டாள். ஒரு நாய்க்காக என்னை உட்கார வைத்து இதைக் கேட்பதென்றால் என்ன நியாயம்? எங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் நின்றது. அதைப் பற்றி நான் யாரோடும் கதைப்பதில்லை. பேனையை அழுத்தி, "இனி அப்படி வராது" என்று எழுதிக் கொடுத்தேன்.

"வராதெண்டு ஆர் சொன்னது?"

"எல்லாம் முடிஞ்சுதுதானே மிஸ்ஸி."

"காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் போட்ட பை எங்க தொங்குது?" என்று கேட்டார். அப்படி ஒரு பை இருக்கிறதா என்று கேட்கவில்லை. வன்னியில் அந்தப் பை இல்லாத வீடு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"அறைக் கதவுக்குப் பின்னால, ஆணியில."

"அந்த ஆணியிலதான் நாயின்ர கயித்தையும் கொழுவோணும். பையை எடுக்கேக்க கயிறு கையில தட்டுப்படும். நாயின்ர கார்டையும் அந்தப் பையுக்குள்ளதான் வைக்கோணும். விளங்கிச்சோ?"

எனக்கு விளங்கியது, இந்த மனிசிக்குத் தலை சரியில்லை என்று. ஆனால் என் மகள் பிறந்தபோது மழைக்குள் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்து பார்த்த மனிசி. ஊரில் பாதிப் பேரை அவர் தராசில் தொங்கவிட்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளோடு யார் வாய் கொடுப்பது? கயிற்றையும் கார்டையும் வாங்கிக்கொண்டேன்.

நாயைக் கொண்டுவந்து விட்டார். பெட்டை நாய். தாய் தெரு நாயாம், தகப்பன் ஏதோ பெரிய சாதி நாயாம். ஒரு காது எழும்பி நின்றது, மற்றது மடிந்து கிடந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பளை பஸ் நிலையத்தில் கண்டெடுத்ததால் அதற்குப் பெயர் பளை. மாற்றக் கூடாதாம், அதற்குப் பெயர் பழகிவிட்டதாம். டைகர் என்று நான் இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தேன், அது திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு வாசல் படலையில் நின்று "பளை, பளை" என்று நான் கத்த, ரோட்டால் போகிறவர்கள், "அண்ணை, அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

காவலைப் பற்றிச் சொல்கிறேன். வந்த இரண்டாம் மாதம் வளவில் முற்றி நின்ற கதலிக் குலையை யாரோ வெட்டிவிட்டார்கள். விடிய எழும்பிப் பார்த்தால், ஈர மண்ணில் கள்ளனின் கால் அடையாளம் வாழையடியிலிருந்து படலைவரை போகிறது. பக்கத்திலேயே நாயின் கால் அடையாளமும் போகிறது. திரும்பி வந்தது நாயின் அடையாளம் மட்டும். வந்தவரை ரோட்டுவரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நாயைத் தந்ததற்காகவாவது மிஸ்ஸி என் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆனால் அவரோ மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் வந்து நிற்பார். வந்தால் படலையில் நின்று கூப்பிடுகிற பழக்கம் கிடையாது. நேரே பின்வளவுக்குப் போவார். தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். சோற்றுச் சட்டியை மணந்து பார்த்துவிட்டு, "நேற்றைய மீன்குழம்பு ஊத்தினியளோ?" என்று என் மனைவியைக் கேட்பார். பிறகு தராசு. உரப்பையில் நாலு ஓட்டை வெட்டித் தைத்து வைத்திருந்தார். அதற்குள் நாயின் கால்களை விட்டு, மாங்கொப்பில் தராசைக் கொழுவி, நாயைத் தொங்கவிடுவார். வேறு நாயென்றால் கடித்திருக்கும். பளை கள்ளனைப் பார்த்த மாதிரியே சந்தோசமாக எங்களைப் பார்த்துக்கொண்டு தொங்கும்.

ஒருநாள் மகளைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். பலகாரத் தட்டு போய்க்கொண்டிருக்கிறது. மிஸ்ஸி வந்தார், யாரையும் பார்க்கவில்லை, மாங்கொப்பில் நாயைத் தொங்கவிட்டார். மாப்பிள்ளையின் தாய் என்னிடம் மெல்லமாக, "இது ஆர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல், மிஸ்ஸி தராசைப் பார்த்தபடியே சொன்னார்: "நான்தான் இவையளின்ர மகளையும் நிறுத்தனான். பிறக்கேக்க ரெண்டேகால்தான். பிறகு நல்லா ஏத்திப்போட்டினம்." சம்பந்தம் சரிவந்தது எங்கள் நல்ல காலம்.

அன்று அவர் போகும்போது படலைவரை பின்னால் போய்ச் சொன்னேன். "மிஸ்ஸி, வாறதெண்டா ஒரு போன் அடிச்சுப்போட்டு வாங்கோ. நாங்களும் மனிசர்தானே."

"போன் அடிச்சுப்போட்டு வந்தா எல்லாப் பிள்ளையும் குளிச்சு, பவுடர் போட்டுத்தான் இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தார்.

மிஸ்ஸியைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. சண்டையின் கடைசி ஓட்டத்தில் சனமெல்லாம் பாயும் பானையும் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் ஓட, அவர் மாற்றுச் சேலைகூட எடுக்காமல் தராசையும் பிள்ளைகளின் பெயர்க் கொப்பியையும் கொண்டு போனாராம். போன இடத்தில் தறப்பாளுக்குக் கீழே வைத்துப் பிள்ளைகளை நிறுத்தாராம். எதை விட்டுவிட்டுப் போனார் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் அதைக் கேட்டால், அவர் எங்களைத் திருப்பிக் கேட்பார்.

போன வருடம் கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் பிள்ளையார் கதை விரதம் தொடங்கியது. மகள் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருபத்தொரு நாளும் மனைவிக்கு விரதம். வீட்டைக் கழுவித் துடைத்து, சாமி அறைக்குக் கோலம் போட்டு வைத்தால், பளை மழைச் சேற்றோடு வந்து அதன் மேலேயே படுக்கும். ஏசினால் வாலை ஆட்டும். "இஞ்ச பாருங்கோ, விரதம் முடியுமட்டும் இதைப் பின்னுக்குக் கட்டுங்கோ" என்று மனைவி சொன்னாள். ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டுபோய் விறகுக் கொட்டிலின் மரக் கப்பில் கட்டினேன். மிஸ்ஸி கண்டால் கொன்றுவிடுவார் என்று தெரியும். மழைக்குள் அவர் வரமாட்டார் என்ற துணிவுதான்.

விரதம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளாகியிருக்கும். மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. காலையில் ஓட்டோவில் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தார்கள். குளத்துக் கதவுகளைத் திறக்கப் போகிறார்கள், தாழ்ந்த இடத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவும். பின்னாலேயே ட்ரக்டரும் வந்து நின்று கோண் அடித்தது. மனைவி சாமி அறைக்குள் நின்று அழத் தொடங்கினாள். நான் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் கையை விட்டுப் பையை எடுத்தேன். எந்த இருட்டிலும் என் கை அந்த ஆணிக்குப் போகும், அவ்வளவு பழக்கம். பை கையில் வந்தது. வேறு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஏன் அழுறாய்? பின்னேரம் திரும்பி வந்திடலாம்" என்று சொல்லி மனைவியை ட்ரக்டரில் ஏற்றினேன். வீட்டைப் பூட்டக்கூட இல்லை, கதவைச் சாத்தியதோடு சரி. பின்னேரம் வந்திடலாம் என்பது எங்கள் சனத்தின் வாயில் தானாக வருகிற சொல். அந்த நாட்களில் வீடுகளை விட்டு வெளிக்கிட்ட எல்லோரும் முதல் நாள் அதைத்தான் சொன்னோம்.

பள்ளிக்கூடத்தில் கிராமசேவகர், எங்கள் விதானையார், மேசை போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பதிந்தார். என் முறை வந்தது. அடையாள அட்டை எடுப்பதற்காகப் பையைத் திறந்தேன். உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் நடுவிலிருந்து ஒரு மஞ்சள் கார்ட் மேசையில் விழுந்தது. பெயர்: பளை. நிறை: பதினாறரை. அதன் கீழே மிஸ்ஸியின் உருண்டைக் கையெழுத்தில் மாதம் மாதமாக இலக்கங்கள்.

கார்டைக் கொண்டு வந்துவிட்டேன். நாயைக் கட்டிப்போட்டு வந்துவிட்டேன்.

விதானையார் என்னவோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. வெளியே ஓடினேன். மதகடியில் தண்ணீர் நெஞ்சுக்கு மேலே இழுத்துக்கொண்டு போனது. பொலிஸ்காரன் என் சேர்ட்டைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். "நாய் நிக்குது ஐயா" என்றேன். "மனிசர் நிக்கினம் அண்ணை, அங்கால போங்கோ" என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. அது குலைக்காத நாய். அவ்வழியால் யார் போனாலும் தான் அங்கே கட்டிக்கிடக்கிறேன் என்று சத்தம் போடாது. அன்று முழுக்க அந்த நாயைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், இப்படி ஒரு நாயைத் தந்த மனிசியையும் திட்டினேன்.

மறுநாள் மத்தியானம் முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனேன். கொட்டில் தட்டியில் தண்ணீர் ஏறி நின்ற அடையாளம் என் இடுப்புக்கு மேலே இருந்தது. கப்பில் முடிச்சு மட்டும் இருந்தது. நாய் இல்லை. கயிறு அறுந்தும் இருக்கவில்லை, கத்தியால் வெட்டியிருந்தது.

வீட்டுக்குள் போனேன். அறைக்குள் சேறு. கதவைத் தள்ளிப் பின்னால் பார்த்தேன். மிச்சக் கயிறு சுற்றிக் கட்டி ஆணியில் தொங்கியது.

என் வீட்டுக்குள் நான் இல்லாதபோது வந்து, என் ஆணியில் கொழுவிவிட்டுப் போயிருக்கிற மனிசியை நினைக்க எனக்கு ஆத்திரம் வந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சந்தியில் ஒரு மீன்பிடி வள்ளத்தை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முல்லைத்தீவிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். வள்ளக்காரரிடம் விசாரித்தேன்.

"அந்த மிஸ்ஸி அம்மாவோ? ஐயோ, அதை ஏன் கேக்கிறியள். கொப்பி ஒண்டை ஷொப்பிங் பாக்கில சுத்தி நெஞ்சோட வைச்சுக்கொண்டு வீடு வீடாக் காட்டினவா. சனம் நிக்குதோ எண்டு நாங்கள் கேக்க, நாய் நிக்குதோ எண்டு அவா கேக்கிறா. பன்ரண்டு நாய் ஏத்தினனாங்கள் அண்ணை. வள்ளம் இன்னும் மணக்குது."

பரந்தனுக்குப் போனேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். மிஸ்ஸி ஏசவில்லை. ஓட்டைக்குள்ளால் பார்த்துவிட்டுக் கேற்றைத் திறந்தார். பளை ஓடிவந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்து வாலை ஆட்டியது. வாழைக்குலைக் கள்ளனுக்கு ஆட்டிய அதே வால். கொஞ்சமாவது முறைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கார்டைத் தாங்கோ தம்பி" என்றார் மிஸ்ஸி. கார்டைத் திருப்பி வாங்கினால் நாய் திரும்ப மடத்துக்கு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும்.

"கொண்டுவரேல்லை மிஸ்ஸி" என்றேன். கார்ட் என் சேர்ட் பொக்கற்றில் இருந்தது.

அடுத்த ஞாயிறு திரும்பவும் போனேன். கார்ட் அன்றும் வீட்டில்தானாம். பளையின் தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், இலை ஒன்று கிடந்தது. "தண்ணி மாத்தேல்லையோ மிஸ்ஸி?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதற்கடுத்த ஞாயிறு அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். கையில் சோற்றோடு எழும்பி வந்தார்.

"வாறதெண்டா ஒரு போன் அடிச்சுப்போட்டு வரமாட்டியளோ? நானும் மனிசிதானே!"

"போன் அடிச்சா நீங்கள் பவுடர் போட்டு வைச்சிருப்பியள்" என்றேன். நான் பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, ஒரு குலைக்காத நாய்க்காக.

மிஸ்ஸி கையைக் கழுவிவிட்டு வந்து கொப்பியை எடுத்தார். வெள்ளத்தில் ஓரம் நனைந்து காய்ந்து தடித்திருந்தது. என் பக்கத்தைத் திருப்பி எனக்கு முன்னால் வைத்தார். இடம்பெயர வேண்டி வந்தால் நாயை என்ன செய்வீர்கள்? கீழே என் கையெழுத்தில், இனி அப்படி வராது.

"இதை வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதுங்கோ."

தூக்கிக்கொண்டு போவேன் என்று எழுதலாம். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். பழைய வரியை வெட்டினேன். பிறகு, "இரண்டு தரம் கட்டிப்போட்டுவிட்டுப் போனேன்" என்று எழுதினேன்.

மிஸ்ஸி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ரெண்டு தரமோ?"

"ஓம் மிஸ்ஸி. முந்தின நாய் தென்னையில கட்டியிருந்தது. பின்னேரம் வந்திடலாம் எண்டு போனனாங்கள். ரெண்டு வரியத்துக்குப் பிறகுதான் ஆமிக்காரர் ஊருக்குள்ள விட்டவங்கள். சங்கிலி மட்டும் கிடந்தது."

அந்தச் சங்கிலியைக் கண்டதை நான் என் மனைவிக்கும் சொன்னதில்லை. மிஸ்ஸி கொப்பியை மூடினார். பிறகு கையை நீட்டினார்.

"பொக்கற்றில இருக்கிற கார்டைத் தாங்கோ."

கொடுத்தேன். எழும்பிப் போய் உரப்பையைக் கொண்டுவந்தார், தராசைக் கொழுவினார், பளையைத் தொங்கவிட்டார். அது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சந்தோசமாகத் தொங்கியது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, கார்டில் எழுதி, கார்டை என் பொக்கற்றுக்குள்ளேயே திருப்பிச் செருகினார்.

"பதினஞ்சே முக்கால். ஏத்தோணும். புதுக் கயிறு அந்தா கிடக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ. இனிமேல் நாலு நாளுக்கு ஒருக்கா வருவன்."

"எத்தினை மணிக்கு மிஸ்ஸி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"சொல்லமாட்டன்" என்றார்.